சென்னையில் முதலீட்டுக்காகச் சொத்து வாங்குவோரும் தரகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும், வாடகை வருமானத்துக்காகவோ பிற்கால விற்பனைக்காகவோ வீடும் மனையும் வாங்க நினைப்பவர்கள் தரகர்களைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. சட்டம் சொல்வதையும் நடைமுறையில் நடப்பதையும் கூடுமானவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அதிகம்.

முதலீட்டுக்காக வாங்குபவருக்குத் தரகர் தேவைதானா?

எந்தச் சொத்தை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டுமான நிறுவனம் தானே விற்கும் புதிய அடுக்ககத்துக்குத் தரகர் அவசியமில்லை. அங்கே உங்களைத் தேடி வரும் முகவர் நிறுவனத்தின் விற்பனையாளராகவே வருகிறார், அவருக்குரிய தொகையையும் நிறுவனமே தருகிறது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், அடையாறு, பெரம்பூர் போன்ற பழைய பகுதிகளில் நிலைமை வேறு. பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்ட முதியவர்களின் வீடும், பாகப்பிரிவினை முடிந்து பணமாக்க விரும்பும் குடும்பத்தின் வீடும் இணையதள விளம்பரத்துக்கு வருமுன்பே அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் தரகரின் காதுக்கு வந்துவிடுகின்றன. அந்தக் கட்டடத்துக்குக் குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கிறார்களா, குடியிருப்போர் சங்கத்தில் சண்டை ஓடுகிறதா, சென்ற ஆண்டு அதே கட்டடத்தில் ஒரு வீடு கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது என்பனவெல்லாம் எந்த இணையதளத்திலும் எழுதப்படாத தகவல்கள். தரகருக்கு நீங்கள் தரும் பணம் இந்த அறிவுக்காகத்தான். சொத்தின் உரிமை தெளிவாக இருக்கிறதா, ஐந்து ஆண்டுகளில் விலை எவ்வளவு ஏறும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவரிடம் விடை தேடக் கூடாது.

தரகர் யாருக்காக வேலை செய்கிறார்? அவர் என் ஆளா, விற்பவரின் ஆளா?

பெரும்பாலும் இருவருக்கும். ஒரே தரகர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது சென்னையில் ஊரறிந்த வழக்கம், அதில் ஒளிவு மறைவு இல்லாதவரை தவறும் இல்லை. ஆனால் விலையைக் குறைத்துத் தருவது அவருடைய வருமானத்தையும் சற்றே குறைக்கிறது. பேரம் முறிந்துபோனால் வருமானமே இல்லை. ஆகவே அவருடைய இயல்பான நாட்டம், விலை கூடினாலும் குறைந்தாலும் வியாபாரம் இந்த மாதமே முடிய வேண்டும் என்பதில்தான் இருக்கும். இதை அவருடைய குணக்குறையாக நினைக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தால் மட்டுமே கூலி கிடைக்கும் எந்தத் தொழிலிலும் நடப்பது இதுவே, அதைத் தெரிந்துகொண்டு அவர் சொல்வதைக் கேட்பதுதான் முதலீட்டாளரின் வேலை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர்களுக்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஒரு முகவர் தன்னை அமர்த்தியவரின் ஒப்புதல் பெறாமல் அதே விவகாரத்தில் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து, முக்கியமான உண்மையை மறைத்திருந்தாலோ, அதனால் அமர்த்தியவருக்குப் பாதகம் நேர்ந்திருந்தாலோ, அந்தப் பரிவர்த்தனையை அமர்த்தியவர் ஏற்க மறுக்கலாம் என்கிறது 215ஆம் பிரிவு. அமர்த்தியவருக்குத் தெரியாமல் இப்படிச் சம்பாதித்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை 216ஆம் பிரிவு தருகிறது. இவை பயன்பட வேண்டுமானால் அவர் உங்கள் முகவராகவும் செயல்படுகிறார் என்பதற்கு ஏதேனும் எழுத்து இருக்க வேண்டும். அதனால் முதல் சந்திப்பிலேயே “இதில் விற்பவரிடமும் வாங்குகிறீர்களா? இந்தச் சொத்தில் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பங்கு உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

உரிமையாளர் கேட்கும் விலைக்கு மேல் வைத்துத் தரகர் சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரிமையாளருக்கு 70 லட்சம் கிடைத்தால் போதும் என்றிருக்க, வாங்குபவரிடம் 76 லட்சம் என்று சொல்லி இடையிலுள்ளதைக் கமிஷனுக்கு மேலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் புறநகர் மனை வியாபாரத்தில் அதிகம் காணப்படுகிறது. விலை பேசி முடிக்கும் நாளில் உரிமையாளரும் நீங்களும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதே இதற்கு எளிய தடுப்பு. வெளிநாட்டில் இருப்பவரானால் வீடியோ அழைப்பில் பேசலாம். கடைசி வரை உரிமையாளரைக் கண்ணில் காட்டாமல் அட்வான்ஸ் மட்டும் கேட்கும் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள், சொத்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

இன்னொரு வழியும் உண்டு, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியலை, யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கிரயத்துக்கும் எதிரே கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கும் மனைக்குப் பக்கத்து மனைகளின் சர்வே எண்களைக் கொடுத்துப் பார்த்தால், அண்மையில் அங்கே என்ன தொகைக்குப் பதிவு நடந்தது என்பது தெரியவரும். பதிவான தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதையும், புதிய அடுக்ககங்களில் நெடுங்காலம் கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத பங்கு மட்டும் கிரயமாகவும் கட்டுமானம் தனி ஒப்பந்தமாகவும் பதிவாகி வந்ததையும் மனத்தில் வைத்து அந்த எண்களைப் படிக்க வேண்டும். இருந்தாலும் தரகர் சொல்லும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க, அவரைச் சாராத அளவுகோல் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

கமிஷன் எவ்வளவு, எப்போது கொடுப்பது?

சட்டம் விகிதம் எதையும் நிர்ணயிக்கவில்லை. சென்னையில் விற்பனைக்கு ஒவ்வொரு தரப்பிலும் 1 முதல் 2 சதவீதம் வரை கேட்பது வழக்கம். தொகை பெரிதானால் சதவீதம் இறங்கும். வாடகைக்கு ஒரு மாத வாடகை. தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் கமிஷன் மேல் 18 சதவீதம் வரி சேரும். பதிவு எண்ணும் முறையான ரசீதும் தராமல் ஜிஎஸ்டி மட்டும் கேட்டால் கொடுக்கக் கூடாது.

எப்போது கொடுப்பது என்பதில்தான் தகராறு கிளம்புகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகே முகவரின் ஊதியம் கொடுபடத்தக்கது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவு சொல்கிறது. காரியம் என்பது சொத்தைக் காட்டுவதா, விலை பேசி முடிப்பதா, பத்திரப்பதிவா? வாங்குபவர் பத்திரப்பதிவு என்று நினைத்திருப்பார், தரகர் கிரய ஒப்பந்தம் எழுதிய நாளே தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். ஒப்பந்தத்தின்போது பாதி, பதிவன்று பாதி என்பது நகரில் பரவலாக உள்ள ஏற்பாடு. பதிவன்று முழுவதையும் கொடுப்பதே முதலீட்டாளருக்கு நல்லது என்பது என் கருத்து. பாதியை முன்னதாகக் கொடுக்க ஒப்புக்கொண்டால், உரிமைச் சிக்கலால் கிரயம் நின்றுபோனால் அந்தப் பாதி திரும்ப வருமா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எந்தச் சொத்து, யார் அறிமுகப்படுத்தியது, என்ன தொகை, எந்த நாளில் தரப்படும், எத்தனை பேர் இடையில் இருந்தாலும் உங்கள் தரப்பிலிருந்து அதற்கு மேல் கிடையாது என்ற விவரங்களை வாட்ஸப்பில் அனுப்பி, அவர் “சரி” என்று பதில் எழுதினாலே பாதிச் சண்டைகள் எழாமல் போகும். கடைசி விவரம் அற்பமானதாகத் தோன்றலாம். ஒரு சொத்தின் செய்தி இஸ்திரிக் கடைக்காரரிடமிருந்து அந்தத் தெருத் தரகருக்கும், அவரிடமிருந்து இன்னொரு பகுதித் தரகருக்கும் போய்த்தான் உங்களிடம் வந்துசேர்கிறது. பதிவன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் முன்பின் தெரியாத மூவர் நின்று பங்கு கேட்கும் சங்கடத்தை அந்த ஒரு வரி தவிர்க்கும்.

கமிஷனை வங்கி வழியாகவே கொடுங்கள். வாங்கும்போது கொடுத்த தரகு, சொத்தை அடைந்த செலவில் சேரும். விற்கும்போது கொடுப்பது விற்பனைச் செலவாகக் கழிக்கப்படும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் மூலதன ஆதாய வரி கணக்கிடும் நாளில் உங்களிடம் சான்று இருக்காது.

பதிவு பெற்ற முகவரிடம் மட்டும்தான் போக வேண்டுமா?

புதிய திட்டங்களைப் பொறுத்தவரை ஆம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், பொதுவழக்கில் ரெரா, நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 அடுக்ககங்களுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. அந்தத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவரும் 9ஆம் பிரிவின்கீழ் தனியே பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த வீட்டின் அல்லது மனையின் விலையில் 5 சதவீதம் வரை தண்டம் உண்டு. பதிவாகாத திட்டத்தில் இடம் விற்க உதவுவதும் முகவருக்குத் தடை செய்யப்பட்டதே. ஆகையால் “இன்னும் ரெரா எண் வரவில்லை, அதற்கு முன்பே புக்கிங் செய்தால் சதுர அடிக்கு 500 ரூபாய் குறைவு” என்று ஒருவர் அழைத்தால், சட்டம் விலக்கிவைத்த ஒன்றைச் சலுகை என்ற பெயரில் உங்கள் முன் வைக்கிறார் என்று பொருள்.

பழைய வீட்டை ஒரு தனிநபரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கும்போது இந்தச் சட்டத்தின் பிடி பெரும்பாலும் எட்டாது. அங்கே தொழில் செய்யும் தரகர்களில் பலர் எந்தப் பதிவும் இல்லாதவர்கள், அவர்களில் மிக நேர்மையானவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல தரகரை எப்படி அடையாளம் காண்பது?

சொத்தின் குறையைக் கேட்காமலே சொல்பவர் நல்ல தரகர். “இந்த வீட்டுக்கு மேற்கு வெயில் கடுமை”, “கார் நிறுத்தம் பத்திரத்தில் இல்லை, வழக்கத்தில்தான் இருக்கிறது”, “இந்த விலைக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன்” என்று ஒரு முறையாவது சொன்னவரை விட்டுவிடாதீர்கள்.

அவரைச் சோதிக்க மழையைப் பற்றிக் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பது அங்கே தொழில் செய்யும் ஒவ்வொரு தரகருக்கும் தெரியும். “இந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் வரவே வராது” என்று தயங்காமல் சொன்னால், அவர் அருகில் நிற்கும்போதே எதிர்வீட்டுக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் அவருடைய மற்றப் பேச்சையும் ஓரளவு நம்பலாம். எல்லாப் பகுதிகளும் தனக்குத் தெரியும் என்பவரைவிட இரண்டு பின்கோடுகளுக்குள் மட்டும் வேலை செய்பவர் முதலீட்டாளருக்கு அதிகம் பயன்படுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவரிடம் என் தேவையை எந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொல்வது?

கணக்கை முழுதாகச் சொல்லுங்கள், அவசரத்தைச் சொல்லாதீர்கள். குடியிருக்க வாங்குபவருக்குப் பூஜை அறையும் பள்ளியின் தூரமும் முக்கியம். உங்களுக்கு வாடகை முக்கியம் என்று தெரியாவிட்டால் அவரும் தவறான வீடுகளையே காட்டிக்கொண்டிருப்பார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 80 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனை அடுக்ககம் ஒன்றை வாங்குகிறீர்கள். முழுத்தொகைக்கும் பதிவு செய்தால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 7.2 லட்சம், தரகு 1 சதவீதம் என்றால் 80,000 ரூபாய்; ஆக உங்கள் முதலீடு 88 லட்சம். மாத வாடகை 22,000 கிடைத்தால் ஆண்டுக்கு 2.64 லட்சம், அதாவது சரியாக 3 சதவீதம். இதிலிருந்து அரையாண்டுச் சொத்துவரி, பராமரிப்பு, குடித்தனம் மாறும்போது பூட்டிக் கிடக்கும் ஒரு மாதம், வெள்ளையடிப்பு ஆகியவை கழிய வேண்டும். இந்தக் கணக்கைத் தரகரின் முன்னாலேயே போட்டுக் காட்டி, “இந்த வீட்டுக்கு 30,000 வாடகை வரும் என்றீர்களே, அந்த வாடகைக்குக் குடித்தனக்காரரை நீங்களே பிடித்துத் தருவீர்களா?” என்று கேளுங்கள். விற்கும்போது சொன்ன வாடகையும் பிடித்துத் தருவதாக ஒப்புக்கொள்ளும் வாடகையும் வேறுபடுமானால், உங்கள் கணக்கில் இரண்டாவதை எழுதுங்கள்.

“மெட்ரோ வருகிறது, விமான நிலையம் வருகிறது, விலை இரட்டிப்பாகும்” என்கிறார்கள். நம்பலாமா?

திட்டம் உண்மையாக இருக்கலாம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர் நீளத்தில் மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி ஆகிய இடங்களைத் தொடும் மூன்று வழித்தடங்களாகக் கட்டப்பட்டு வருகிறது. பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தரகருக்குத் தெரிந்த செய்தி விற்பவருக்கும் தெரியும், அதனால் அவர் கேட்கும் விலையில் மெட்ரோ ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நிலையம் எங்கே வருகிறது, அங்கிருந்து சொத்துக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை நீங்களே அளந்து பாருங்கள். பரந்தூரைச் சுற்றி மனை வாங்குபவர்கள், அந்தச் சர்வே எண் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், மனைப்பிரிவுக்கு முறையான ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் தரக் கூடாது.

“ஆவணங்களையெல்லாம் பார்த்துவிட்டோம், வங்கியே கடன் கொடுக்கிறது” என்கிறார். தனியாக வழக்கறிஞர் தேவையா?

தேவை, அவர் தரகர் காட்டும் வழக்கறிஞராக இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 15,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஆயுள் சேமிப்பை வழக்கில் கட்டிப்போட்டவர்கள் இந்த நகரில் ஏராளம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதற்கு, கேட்ட காலத்தில், கேட்ட விவரங்களின்படி, பதிவான பரிவர்த்தனை வேறில்லை என்பது மட்டுமே பொருள். பதிவு செய்யப்படாத உயிலும், வாய்மொழிப் பாகமும், நடந்துகொண்டிருக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். ஆகவே வழக்கறிஞர் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு மூலப்பத்திரங்களைக் கோத்துப் பார்ப்பார்; இறந்தவர் வழி வந்த சொத்தானால் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று தேடுவார், குறிப்பாகத் திருமணமாகிப் போன மகள்கள். பட்டாவும், நகர எல்லைக்குள் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் பத்திரத்தின் பெயரோடும் அளவோடும் பொருந்த வேண்டும். புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவற்றில் மனை போட்டு விற்ற வழக்குகள் புறநகரில் உண்டு. அடுக்ககத்தில் அனுமதி வரைபடத்தில் இருக்கும் தளங்களும் கட்டடத்தில் இருக்கும் தளங்களும் ஒன்றா என்பதும், உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்பதும் முக்கியம். பழைய கட்டடத்தில் முதலீட்டின் மதிப்பு நாளாக நாளாக அந்த நிலப்பங்கில்தான் தங்குகிறது.

மனைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளின் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்து நிறுத்தியது. பின்னர் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றை முறைப்படுத்த அரசு திட்டம் கொண்டுவந்தது. “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று தரகர் சொன்னால், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணையோ முறைப்படுத்தல் ஆணையையோ கேட்டு வாங்குங்கள்.

அதிகாரப் பத்திரம், அதாவது பவர், வைத்திருப்பவர் விற்கிறார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாக அன்றே செத்துவிடும். அதனால்தான் பழைய பவரைக் கொண்டு பதிவு செய்யும்போது, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்ச்சான்று கேட்கிறார்கள். பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சொத்தை வாங்கிவிட்டதாக நினைப்பது செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கிவிட்டது.

வங்கிக் கடன் கிடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார், அவருடைய கருத்துரை உங்களுக்கு எழுதப்பட்டதன்று.

டோக்கன் அட்வான்ஸை யாரிடம் கொடுப்பது?

உரிமையாளரிடம், அவருடைய பெயரில், வங்கி வழியாக. தரகரின் கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம். வழக்கறிஞரின் கருத்துரை பாதகமாக வந்தால் இத்தனை நாட்களுக்குள் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். “இன்று மாலை வேறு பார்ட்டி வருகிறது” என்பது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுத ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நம்பிப் பெருந்தொகை தர வேண்டாம். ரெரா பதிவு பெற்ற திட்டமானால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனம் வாங்கக் கூடாது.

பாதி ரொக்கமாகக் கொடுத்துப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு தொகை தண்டமாக விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமுண்டு. முதலீட்டாளருக்கு நட்டம் வேறு வகையிலும் வருகிறது: இன்று குறைத்துக் காட்டிய விலைதான் நாளை விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை, மறைத்த தொகை முழுவதும் ஆதாயமாகி வரிக்கு உட்படும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைவாக வாங்கினால் அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகவும் கருதப்படலாம். விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதம் மிக அதிகம், அதற்கு முன்கூட்டியே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். தரகர் இதைச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டில் இருக்கிறேன். தரகரின் பெயரிலேயே பவர் கொடுத்துவிடலாமா?

கூடாது. வாங்குவதற்கான பவரைப் பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினருக்கு, அந்த ஒரு சொத்துக்கு மட்டும் என்று வரையறுத்து, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் வேளாண் நிலம், தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால் பண்ணை மனைகளை வெளிநாட்டுத் தமிழர்களிடம் விற்க முனையும் முகவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

வாடகைக்கு விடவும் அதே தரகரை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், விற்றுத் தந்தவருக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும். குடித்தனக்காரரின் வேலை, முந்தைய வீட்டு உரிமையாளரின் கருத்து ஆகியவற்றை நீங்களே விசாரியுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் விதி. 11 மாத ஒப்பந்தத்துக்கு அது தேவையில்லை என்று தரகர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

தரகர் காட்டிய வீட்டை, கமிஷனை மிச்சப்படுத்த, உரிமையாளரிடம் நேராகப் பேசி முடிக்கலாமா?

கூடாது. அவருடைய உழைப்பில் கிடைத்த செய்தி அது, அதற்குரிய கூலியை மறுப்பது நியாயமன்று. நடைமுறையிலும் இது கெடுதலாகவே முடியும். ஒரு பகுதியின் தரகர்கள் தமக்குள் பேசிக்கொள்பவர்கள், அடுத்த நல்ல சொத்தின் செய்தி உங்களுக்கு வராது. பேசிய கமிஷனைப் பேசிய நாளில் குறைக்காமல் தரும் முதலீட்டாளருக்குத்தான் முதல் தொலைபேசி அழைப்பு போகிறது. ஒரே பகுதியில் மூன்று தரகர்களை வைத்திருந்தால், எந்த வீட்டை முதலில் யார் காட்டினார் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஒரே வீட்டுக்கு இருவர் உரிமை கொண்டாடுவார்கள்.

ஏமாற்றப்பட்டால் எங்கே முறையிடுவது?

ரெரா வரம்புக்குள் வரும் திட்டமானால், முகவர் மீதும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31ஆம் பிரிவின்கீழ் புகார் தரலாம். மறுவிற்பனையில், கமிஷன் வாங்கிச் சேவை செய்தவர் என்ற முறையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; பல வீடுகளை வாங்கி விற்பவரானால், நீங்கள் வணிக நோக்கத்தோடு செயல்பட்டவர், நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும் என்பதை வழக்கறிஞரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முகவர் தம் பொறுப்பில் முறைகேடாக நடந்துகொண்டால், அவர் முறைகேடாக நடத்திய அந்தப் பகுதி வேலைக்கு ஊதியம் கேட்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 220ஆம் பிரிவு மறுக்கிறது. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் சென்னைப் பெருநகரக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவில் நில மோசடிக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்களுக்குத் தனி எல்லை உண்டு என்பதால் சொத்து எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். எங்கே போனாலும் வாட்ஸப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சான்று, அட்வான்ஸ் ரசீது, தரகர் அனுப்பிய விளம்பரப் படங்கள் ஆகியவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். தொலைபேசியை மாற்றும்போது அவற்றை அழித்துவிடாமல் பிரதி எடுத்து வையுங்கள்.